கடுகுக்குத் தாங்காத பின்னல்

அக்கினி நட்சத்திர வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பின்னல் பழகிய பெண்பிள்ளையை ஒதியம்பட்டு இதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் பக்கத்தில் குளிர் என்பது மார்கழியில் நாலு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்துச் சொந்தம். அதற்காக யாரும் ஸ்வெட்டர் பின்னுவதில்லை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சமாளித்துவிடுவோம். ஆகவே ஊசியும் நூலுமாக என்னைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, யாருக்கு ஸ்வெட்டரு?" என்று கேட்டது நியாயம்தான்.

"வூட்டுக்காரரு சொந்தத்துல ஒரு கொழந்த. பெங்களூர்ல இருக்குது" என்றேன். அப்படி ஒரு குழந்தை பெங்களூரில் இல்லை, வேறெங்கும் இல்லை.

நான் பின்னிக்கொண்டிருந்தது ஒரு மார்பு. இடது பக்கத்தது.

மார்ச் மாதம் டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், மருந்து ஏற்ற வேண்டியதில்லை, ஐந்து வருஷத்துக்கு மாத்திரை போதும் என்றார் டாக்டர். தலைமுடி கொட்டாது என்பது இதில் உள்ள பெரிய வசதி. முடி இருந்தால் பொய் சொல்லலாம். அலுவலகத்திலும் தெருவிலும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாகச் சொல்லிவைத்தோம். ஐம்பது வயதுப் பெண் கர்ப்பப்பை என்று சொன்னால் நம்மூரில் யாரும் மேலே கேட்பதில்லை. கேட்பதற்குள் அவரவர் கர்ப்பப்பைக் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டால், கௌரவம், வெட்கம் என்று பெரிய சொற்கள் எதுவும் என்னிடம் இல்லை. காரணம் சின்னது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வேலைக்கு வருவார். நாங்கள் எல்லோரும் அவர்மேல் இரக்கப்பட்டோம். "பாவம், அவரு எதுக்கு கஷ்டப்படணும்" என்று அவர் மேஜையிலிருந்து ஒவ்வொரு ஃபைலாக எடுத்துக்கொண்டோம். ஆறு மாதத்தில் மேஜை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் காலையிலிருந்து மாலைவரை செய்தித்தாளை மடித்தும் விரித்தும் பார்த்துவிட்டு, ஒருநாள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேஜையிலிருந்து முதல் ஃபைலை எடுத்தவள் நான். எடுத்தபோது என் முகத்தில் இருந்திருக்கக்கூடிய கருணையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் மேஜையை நான் அப்படி இழக்கத் தயாராக இல்லை. மருத்துவ விடுப்பு முடிகிற திங்கட்கிழமை, போன ஆளாகவே திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம்.

தையல் ஆறும் வரை ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தேன். அது பதினோரு மணிக்குள் தோள்பட்டைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் மார்பைக் காட்டினார்கள். கனமாக, குளிர்ச்சியாக, நல்ல வடிவமாக இருந்தது. ஏ.சி. போட்ட அறையில் வாழ்கிறவர்களுக்குப் பொருத்தம். எங்கள் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு வாரத்தில் வேர்க்குரு ராஜ்யம்தான். நான் தயங்குவதைப் பார்த்த நர்ஸ், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பருத்தி நூலில் பின்னிக்கொள்ளலாமாம். வெளிநாடுகளில் பின்னுகிறார்களாம். "கைக்கும் நல்லதும்மா, வெரலு பழகும்" என்றார். காகிதம் முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும் மாறி மாறி, சாமியார் எழுதிக் கொடுத்த தகடுபோல இருந்தது.

நான் நிறையப் படித்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. தமிழிலும் மொழிபெயர்ப்பிலும் நான் வாசித்த நாவல்களில் பின்னல் பின்னுகிற பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் பின்னக் கற்றுக்கொள்வதாக வரவில்லை. பக்கம் திறக்கும்போதே பின்னிக்கொண்டிருப்பார்கள். இலக்கியம் கைவிட்டுவிட்டதால் யூடியூபுக்குப் போனேன்.

நூல் வாங்க டவுனுக்கு என் வீட்டுக்காரரை அனுப்பினேன். காகிதத்தில் 'தோல் நிறம்' என்று போட்டிருந்தது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய தோல் நிறம் வெந்நீரில் போட்ட இறால்போல இருந்ததாம். "நம்ம கலருக்கு சாக்குக் கயிறுதான் கரெக்டா வரும்" என்று சொல்லிவிட்டுக் காப்பிப்பொடி நிறத்தில் இரண்டு உருண்டை வாங்கி வந்தார். இரண்டு முனையும் கூராக இருக்கும் ஊசி நாலு வேண்டும், அது கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து ஸ்போக்ஸ் கம்பியை வெட்டி, கல்லில் தேய்த்துக் கூர் போட்டுக் கொடுத்தார். அவர் இருபது வருஷம் மில்லில் நூற்புப் பகுதியில் வேலை செய்தவர். மில் மூடியபின் தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். நூலைக் கையில் வாங்கியதும் அவருக்கு மட்டும் அந்த வீட்டில் கொஞ்சம் உயிர் வந்தது.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வெளியே பனி கொட்டும். ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றுவது எப்படி என்று காட்டினார். கட்டை விரலில் நூலைச் சுற்றி, ஊசியை உள்ளே விட்டு, இழுத்தால் ஒரு கண்ணி. அவர் ஒரு தடவை சொன்னதை நான் முப்பது தடவை கேட்டேன். "கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்" என்பார் ஒவ்வொரு முறையும். நான் கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தேன். முதல் வரிசைக் கண்ணிகள் ஊசியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தன. மறுநாள் தளர்த்தினேன். எல்லாம் சேர்ந்து தரையில் உதிர்ந்தன.

அடிப்படையில் இருப்பது இரண்டே கண்ணிதான். ஒன்று முன்பக்கக் கண்ணி: ஊசியை உள்ளே விடு, நூலைச் சுற்று, வெளியே இழு, பழையதைத் தள்ளிவிடு. மற்றது பின்பக்கக் கண்ணி: அதே வேலை, நூலை முன்னால் வைத்துக்கொண்டு, தலைகீழாக. இந்த 'பழையதைத் தள்ளிவிடு' என்கிற கடைசிப் படியில்தான் நான் எப்போதும் தடுக்கி விழுந்தேன். தள்ளினால் புதியதும் கூடவே போய்விடுமோ என்று பயம். தள்ளாமல் வைத்துக்கொண்டே போனதில் முப்பது கண்ணியில் தொடங்கிய துண்டு, விரற்கடை வளர்வதற்குள் நாற்பத்தொன்றாகப் பெருகியது. நடுவில் ஒரு கண்ணி தவறியிருந்தது. தவறிய கண்ணி அந்த இடத்திலேயே நிற்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது கீழ்வரிசைக் கண்ணியை அவிழ்க்கும். அது அதற்குக் கீழே இருப்பதை அவிழ்க்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிவரை ஓடிவிடும்.

"நூலு ஒரே இழுவையில வரணும்டி" என்றார் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே. "நீ ஒரு நேரம் கழுத்தப் புடிக்கிற, ஒரு நேரம் கைய வுட்டுர்ற."

"உங்களையும் அப்பிடித்தான வெச்சிருக்கேன். முப்பது வருஷமா அவுந்தா போயிட்டீங்க?"

அவர் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டவர்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சிரிப்பெல்லாம் அப்படித்தான், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போனது.

தட்டையான துண்டு ஒரு மாதிரி வந்தபின் வட்டப் பின்னலுக்குப் போனேன். மூன்று ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்து வைத்து முக்கோணமாக்கி, நாலாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். பார்க்க முள்ளம்பன்றியை மடியில் வைத்துக் கொஞ்சுவது போலிருக்கும். நாலு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் வட்டம் குறுகிக்கொண்டே வந்து நுனியில் கூடும். முதலாவதாக முடித்தது கொட்டாங்குச்சிக்குத் தொப்பி. இரண்டாவது ஒரு பக்கம் கோணி, பஞ்சாயத்தில் தோற்ற வேட்பாளர் மாதிரி இருந்தது. மூன்றாவதை வீட்டுக்காரர் தேநீர் டம்ளரைப் பிடிக்க எடுத்துக்கொண்டார். ஆறாவதுதான் மார்பு என்று ஒப்புக்கொள்ளத்தக்கதாக வந்தது.

அதில் ஒரு குறை இருந்தது. ஓர் ஊசி முடிந்து அடுத்த ஊசி தொடங்குகிற இடத்தில் நூல் தளர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஏணிப்படி மாதிரி இடைவெளி விழுந்திருந்தது. மூன்று ஊசி என்பதால் மூன்று ஏணி. சமமான தூரத்தில் இருந்ததால் அதை நான் டிசைன் என்று எடுத்துக்கொண்டேன்.

பஞ்சை அடைத்துப் பார்த்தேன். வடிவம் வந்தது, கனம் வரவில்லை. கனம் இல்லாத பக்கம் ரவிக்கை மேலே ஏறும், உடம்பு மறுபக்கம் சாயும். என்ன போடலாம் என்று யோசித்தபோது என் சமையலறை மூளை வேலை செய்தது. பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகு அடைத்த தலையணை வைக்கிறோம் இல்லையா. மெத்தென்று இருக்கும், அழுத்தினால் விட்டுக்கொடுக்கும், சூடும் ஆகாது. ஒரு தலைமுறையே கடுகில் படுத்து எழுந்திருக்கிறது, என் மார்புக்கு என்ன குறைச்சல்? மேல்பாதி பஞ்சும் கீழ்ப்பாதி கடுகுமாக அடைத்து, பின்பக்கத்தை நூலால் சுருக்கிக் கட்டினேன். தட்டின் மேல் பிடித்து நன்றாக உலுக்கினேன். ஒன்றுகூட விழவில்லை. கடுகை ஒரு துணிப் பையில் போட்டு உள்ளே வைத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் என் பின்னலுக்கு என்ன மரியாதை?

உள்பாடியில் பை தைத்தால் வேர்க்கும் என்று குறுக்கே இரண்டு நாடாவை மட்டும் தைத்து, அதில் செருகிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். புடவைக்கு மேல் பழைய ஆள் நின்றாள். அவளை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வில்லியனூரில் இறங்கி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என் மேஜை தூசியும் ஃபைலுமாகக் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்து வந்த மகிழ்ச்சியை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து மேஜைப் பெண் ஓடி வந்து, "அக்கா, எனக்கும் கட்டி இருக்குதுன்னு ஸ்கேன்ல சொன்னாங்கக்கா" என்று ஆரம்பித்து, தன் கர்ப்பப்பை, தன் அம்மா, தன் நாத்தனார் என்று மூன்று பேருடையதைச் சொல்லி முடித்தாள். என்னுடையதைக் கேட்கவில்லை. சூப்பிரண்ட் தலையை ஆட்டி, "நீங்க இல்லாம வேலையே ஓடல மேடம்" என்றார். பிறகு பதினேழு ஃபைலை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் நான் மிகவும் நன்றாக இருந்தேன்.

புதன்கிழமை காலை சூப்பிரண்ட் நாற்காலியை இழுத்தவர் அப்படியே நின்றார்.

"யாரு இது?" என்றார். "கடுகு. என் சேருக்குக் கீழ கடுகு போட்டிருக்குது பாருங்க."

பக்கத்து மேஜைப் பெண் குனிந்து பார்த்தாள். "சார், என் டேபிளாண்டயும் இருக்குது சார். அஞ்சு... இல்ல, ஏழு. ஏழுதான் சார் போடுவாங்க. எங்க ஊர்ல ஒருத்தர் வாசல்ல இப்பிடித்தான் கொட்டி வெச்சாங்க. ஆறே மாசத்துல கை கால் வரல."

நான் கழிவறைக்குப் போனேன். இரண்டு நாள் வியர்வையில் பருத்தி நூல் நெகிழ்ந்து, மூன்று ஏணிகளும் விரிந்திருந்தன. கீழ்ப்பாதி சப்பையாக இருந்தது. ஃபைலில் கையெழுத்து வாங்க சூப்பிரண்ட் மேஜைக்கு எத்தனை தடவை போய் நின்றேன், பக்கத்து மேஜையில் சாய்ந்து எத்தனை கதை கேட்டேன் என்று அந்தச் சின்ன அறையில் நின்று நினைத்துப் பார்த்தேன். போன இடமெல்லாம் என்னை விதைத்துவிட்டு வந்திருக்கிறேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது அவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்குகிறவள் காலனிப் பெண். நாற்பது வயதிருக்கும். காலையில் எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்து கதவைத் திறப்பவள் அவள்தான். முந்தின வாரம் அவளுக்கும் சூப்பிரண்டுக்கும் கழிவறைச் சாவியில் தகராறு. சாவி அவர் இழுப்பறையில் இருக்கும். கழுவும்போது மட்டும் வாங்கிக்கொள்ளலாம். "கழுவறதுக்குக் குடுக்கறீங்க, போறதுக்குக் குடுக்க மாட்டேன்றீங்க. நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அந்த 'நல்லா இருங்க' அவரை ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது கடுகோடு சேர்ந்துகொண்டது.

துடைப்பத்தோடு வந்து நின்றவளிடம் அவர் தரையைக் காட்டினார். "இதுக்கு இன்னா அர்த்தம்?"

அவள் பார்த்தாள். "கடுகு சார்."

"கடுகுன்னு எனக்குத் தெரியாதா? யார் போட்டது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? பெருக்கறவ நானு. நானே கொட்டி வெச்சி நானே குனிஞ்சி பெருக்கறதுக்கு எனக்கு இன்னா வேண்டுதலா?"

"காலையில முதல்ல வர்றது நீதான."

"தெனமும் நான்தான் வரேன். தெனமும் கடுகா இருந்திச்சி?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நான் வேதக்காரி சார். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ. எங்களுக்கு எதுக்கு சார் இந்தக் கடுகு, மொளகா எல்லாம்?"

"இதுக்கெல்லாம் எந்த வேதமும் கெடையாது" என்றாள் பக்கத்து மேஜைப் பெண், என் காதுக்கு மட்டும். "செய்றவங்க செய்வாங்கக்கா. நீங்க வேற ஒடம்பு சரியில்லாம வந்திருக்கீங்க. அந்தப் பக்கம் மிதிக்காதீங்க."

நான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது வேறு ஏதாவது செய்ததாக எழுதலாமா என்று ஆசையாக இருக்கிறது. தலையைத்தான் ஆட்டினேன். ஒரு வாக்கியம் போதும்: அது என்னுடையது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும். நான் என் பதினேழு ஃபைலைப் பார்த்தேன்.

அவள் பெருக்கினாள். சூப்பிரண்ட் நாற்காலிக்குக் கீழிருந்து தொடங்கி, பக்கத்து மேஜையைச் சுற்றி, என் நாற்காலிவரை வந்தாள். முறத்தில் அள்ளிக்கொண்டு வெளியே போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்கு முன்பே, அவளைத் திருக்கனூர் பக்கத்துக் கிளைக்கு மாற்றும் காகிதம் போய்விட்டது. இங்கே நடந்து வந்துகொண்டிருந்தவள் இனி இரண்டு பஸ் மாற வேண்டும். பூசணிக்காயின் குங்குமம் படிந்த துண்டுகள் திங்கட்கிழமைவரை வாசலிலேயே கிடந்தன. அள்ளுவதற்கு ஆள் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஊசியைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னா எல்லாம் தெரிஞ்சிடும்ங்க."

"தெரிஞ்சா?"

"திங்கக்கெழம சொல்றேன்" என்றேன். அந்தச் சனியும் ஞாயிறும் உட்கார்ந்து ஆறாவதை அவிழ்த்து ஏழாவதைப் பின்னினேன். ஒவ்வோர் ஊசியிலும் முதல் இரண்டு கண்ணிகளை மட்டும் கூடுதலாக இழுத்துப் பிடித்தால் ஏணி விழாது என்று வீடியோப் பெண்மணி எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்டேன். கைகள் என்றைக்கும் இல்லாதபடி ஒழுங்காக ஓடின. நூல் ஒரே இழுவையில் வந்தது. ஒருத்தி இரண்டு பஸ் மாறிப் போகப்போகிற வாரத்தில் நான் நல்ல பின்னல்காரி ஆனேன். கடுகைத் துணிப் பையில் கட்டி உள்ளே வைத்தேன்.

திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. செவ்வாய் மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேஜைப் பெண், "அவ போனதுல இருந்து ஒண்ணும் விழல பாத்தீங்களா அக்கா?" என்றாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். நான் நன்றாகப் பின்னியதுதான் பெருக்குகிறவளுக்கு எதிரான கடைசி அத்தாட்சி.

புதன்கிழமை காலை, வீட்டுக்காரர் டம்ளர் பிடிக்க வைத்திருந்த மூன்றாவது உருப்படியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சூப்பிரண்ட் அறையில் அதை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இன்னா மேடம், தொப்பியா? பேரனுக்கா?"

"இல்ல சார்" என்று தொடங்கி, என்ன எடுத்தார்கள், என்ன பின்னினேன், எதை அடைத்தேன், எங்கே ஒழுகியது என்று ஃபைல் குறிப்பு வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். பாதியிலேயே அவர் எழுந்து நின்றுவிட்டார். மேஜைமேல் இருந்ததையும் பார்க்க முடியவில்லை, என்னையும் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் பேசினார்.

"அடடா. ஏன் மேடம் மொதல்லயே சொல்லல. ஐயோ பாவம். நீங்க உக்காருங்க."

"அந்தப் பொண்ணைத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாம் சார்."

"அது ஆர்டர் போயிடுச்சே மேடம். இப்ப எதைச் சொல்லி மாத்துறது? காரணம் எழுதணுமே." கொஞ்சம் யோசித்தார். "அதுவும் இல்லாம, கடுகு அவளுது இல்லன்னாலும், அவ பேசின பேச்சு அவளுதுதான?"

மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண் அழுதாள். யாரோ மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். நான் வெளியே போய்விட்டு வந்தபோது மேஜையில் பதினொரு ஃபைல்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை திருக்கனூருக்குப் போனேன். இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், எங்களைப்போலச் சனிக்கிழமை விடுமுறை இல்லாத கிளை அலுவலகம், பாதி நாள் வேலை முடிந்து காலியாக இருந்தது. அவள் மட்டும் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "வாக்கா, உக்காரு" என்றாள். எங்கள் அலுவலகத்தில் மேடம், நீங்க என்றுதான் பேசுவாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை என்பதால் சுருக்கமாக வந்தது. அவள் என் நெஞ்சை நேராகப் பார்த்தாள். அந்த மூன்று மாதத்தில் அப்படிப் பார்த்தவர்கள் டாக்டரும் அவளும்தான்.

"வலிக்குதா?"

"இல்ல. கை தூக்கறப்ப கொஞ்சம் இழுக்கும்."

"ம்."

இன்னும் இரண்டு அறை பெருக்க வேண்டியிருந்தது. பெருக்கிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கே தெரியும்க்கா எனக்கு. உன் சேர்லயே கெடந்திச்சி. நீ ஒடம்பு முடியாம வந்தவ, மடியில மந்திரிச்சி எதனா முடிஞ்சி வெச்சிருக்கன்னு நெனச்சேன். இதுன்னு தெரியாது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, திருடி மாட்டிக்கினு மத்தவங்களக் கைகாட்டறான்னு சொல்லுவாங்க. நீ சொன்னா அது பேச்சு. சொல்லுவன்னு மூணு நாளு பாத்தேன்." குப்பையைக் கூட்டி ஒரு மூலைக்குத் தள்ளினாள். "அப்புறம் பஸ் பாஸ் எடுத்துட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போயிருந்தேன். சொன்னேன். அவள் காதில் விழுந்தது. விழுந்ததற்கு அடையாளமாகத் துடைப்பத்தைக் கையில் ஒருமுறை தட்டிச் சரிசெய்துகொண்டாள். இருட்டுவதற்குள் இரண்டு பஸ் பிடிக்க வேண்டியவள்.

என் நாற்காலிவரை வந்துவிட்டாள்.

"காலத் தூக்கு" என்றாள்.

தூக்கினேன். கீழே பெருக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.